வீட்டில் கட்டும் காருக்கு ஹைட்ரோலிக் கிளச்: எயார் எடுப்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் சுருக்கிவிடுகிறேன். இதே வேலையில் இறங்கியிருக்கும் வேறு பிள்ளைகளுக்கும் அது உதவும். கல்முனையில் உங்கள் வீட்டு வளவில், தகரக் கொட்டிலுக்குள், குழாய் இரும்பில் செஸி செய்து இரண்டு பேர் அமரக்கூடிய சிறிய கார் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பழைய டொயோட்டா வேன் ஒன்றின் பெற்றோல் எஞ்சினையும் அதன் ஐந்து கியர் பொக்ஸையும் ஏற்றியிருக்கிறீர்கள். கிளச்சின் மேல் பம்பும் (பெடல் தள்ளுவது) கீழ் பம்பும் (கியர்பொக்ஸ் பக்கத்தில் கிளச்சைத் தள்ளுவது) அதே வேனிலிருந்து வந்தவை. பெடல் மட்டும் இணையத்தில் கிடைத்த ஓர் ஆங்கிலேயக் காரின் வரைபடத்தைப் பார்த்து நீங்களே வெட்டி ஒட்டியது. எஞ்சின் நின்றிருக்கும்போது எல்லாக் கியரும் விழுகின்றன. ஓடும்போது முதலாம் கியர் விழ மறுக்கிறது, ரிவேர்ஸ் கியர் பற்களை அரைக்கிறது. நான்கு தடவை எயார் எடுத்தும், அதாவது குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்றியும், பெடல் பஞ்சுபோலவே இருக்கிறது, மாற்றமில்லை. மேல் பம்பைத் தூக்கி எறிந்துவிட்டு அதே அளவில் புதியது வாங்கும்படி ஒரு கராஜில் சொல்லியிருக்கிறார்கள். வாங்கலாமா என்பது உங்கள் கேள்வி.

இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் எழுதிய அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் பம்ப் பழுதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. புத்தம் புதிய பம்பைப் பூட்டினாலும், ஒரு குமிழி எயார் இல்லாமல் எடுத்தாலும், இந்தக் கிளச் விடுபடாது. ஹைட்ரோலிக் கிளச் என்பது அடிப்படையில் ஒரு கொள்ளளவுக் கணக்கு. மேலேயுள்ள பிஸ்டன் எவ்வளவு பிரேக் ஒயிலைத் தள்ளுகிறதோ அவ்வளவுதான் கீழேயுள்ள பிஸ்டனுக்குப் போய்ச் சேரும். தள்ளும் அளவு போதாவிட்டால் எயார் எடுத்து அதைக் கூட்ட முடியாது. நம்முடைய பகுதியில் வீட்டில் கார் கட்டுபவர்கள் பலர் இந்தக் கணக்கைப் போடாமல் நேரே காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறக்கப் போய்விடுகிறார்கள். பிறகு வாரக்கணக்கில் போத்தல் போத்தலாக ஒயிலை ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் அளவுகள் இவை. பெடலின் சுழல் ஊசியிலிருந்து பாதம் படும் இடத்தின் நடுப்பகுதி வரை 300 மில்லிமீற்றர். அதே ஊசியிலிருந்து தள்ளு கம்பி பூட்டிய இடம் வரை 50 மில்லிமீற்றர். ஆகவே பெடல் விகிதம் 6க்கு 1. பாதம் நகரக்கூடிய தூரம் 120 மில்லிமீற்றர். தாழ்ந்த காரில், கால்களை முன்னே நீட்டி அமரும்போது, இதைவிட நீண்ட தூரம் மிதிக்க இடம் இராது என்பது உண்மைதான். 120ஐ 6ஆல் பிரித்தால் மேல் பம்பின் கம்பி 20 மில்லிமீற்றர் நகர வேண்டும். ஆனால் அந்த 20உம் வேலைக்கு வராது. கம்பிக்கும் பிஸ்டனுக்கும் இடையில் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். அதன் பிறகு பிஸ்டனின் ரப்பர் வொஷர், ஒயில் தாங்கிக்குப் போகும் சிறு துளையைக் கடந்து மூடுவதற்கு இன்னொரு 1 மில்லிமீற்றர் போகும். மிஞ்சுவது 18. மேல் பம்ப் 5/8 அங்குலம், அதாவது 15.9 மில்லிமீற்றர் உள்விட்டம். அதன் பிஸ்டன் முகப்பின் பரப்பு 198 சதுர மில்லிமீற்றர். 18ஆல் பெருக்கினால் 3,564 கன மில்லிமீற்றர், மூன்றரை மில்லிலீற்றருக்குச் சற்றே கூட. ஒரு தேக்கரண்டி கூட நிறையாது. கீழ் பம்ப் 13/16 அங்குலம். அதன் பரப்பு 334 சதுர மில்லிமீற்றர். 3,564ஐ 334ஆல் பிரித்தால் 10.7 மில்லிமீற்றர். எந்தக் குறையும் இல்லாத நிலையில்கூட உங்கள் கீழ் பம்பின் கம்பி நகரக்கூடிய உச்சத் தூரம் இதுதான்.

இனி, கிளச் கவட்டை (கீழ் பம்பின் கம்பி தள்ளும் நெம்பு) எவ்வளவு நகர்ந்தால் கிளச் பிளேட் எஞ்சினிலிருந்து விடுபடும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதை எவருடைய வாயிலும் கேட்டறிய வேண்டாம், கையால் அளக்கலாம். கீழ் பம்பைக் கழற்றி வைத்துவிட்டு, அதன் இடத்தில் 10 மில்லிமீற்றர் விட்டமுள்ள நீளமான போல்ட் ஒன்றை ஒரு நட்டோடு வையுங்கள். நட்டைக் கீழ் பம்பின் தாங்கியில் முட்டுக்கொடுத்து, போல்ட்டின் நுனி கவட்டையைத் தள்ளும்படி அமைக்க வேண்டும். பின் சக்கரங்களில் ஒன்றை மட்டும் நிலத்திலிருந்து தூக்கி, நாலாம் கியரைப் போட்டு, ஒருவரைத் தூக்கிய சக்கரத்தைக் கையால் சுழற்ற முயன்றுகொண்டே இருக்கச் சொல்லுங்கள். கவட்டை தள்ளும் ரிலீஸ் பெயாரிங், கிளச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரெஷர் பிளேட்டின் விரல்களைத் தொட்ட கணத்திலிருந்து போல்ட்டின் சுற்றுகளை எண்ணத் தொடங்குங்கள். 10 மில்லிமீற்றர் போல்ட்டின் சாதாரணப் புரி ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீற்றர் முன்னேறும். முதல் சில சுற்றுகள் பாரமாக இருக்கும். சக்கரமும் எஞ்சினோடு கட்டுண்டு அசையாமல் நிற்கும். ஒரு கட்டத்தில் சக்கரம் சட்டென்று இளகித் தாராளமாகச் சுழலும். அந்த எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வகை வேன் கியர்பொக்ஸ் ஒன்றில் நான் இப்படி அளந்தபோது எட்டுச் சுற்றில் விடுபட்டது. அதாவது 12 மில்லிமீற்றர். எஞ்சின் சூடேறும்போதும் பிளேட் சற்றே வளையும்போதும் ஒட்டாமல் இருக்க அதற்கு மேல் 2 மில்லிமீற்றர் சேர்த்தேன். உங்களுடையதும் 14 அளவில்தான் வரும் என்று எதிர்பார்க்கிறேன், ஆனாலும் அளந்தே தீருங்கள்.

தேவை 14, கிடைப்பது 10.7. உங்கள் ரிவேர்ஸ் கியர் அரைபடுவதற்கான காரணம் இந்த மூன்று மில்லிமீற்றருக்குள்தான் இருக்கிறது. வேனில் இதே பம்புகள் ஒழுங்காக வேலை செய்தனவே என்று கேட்பீர்கள். வேனின் பெடல் வேறு, அது போகும் தூரமும் வேறு. நீங்கள் பார்த்து வெட்டிய வரைபடமோ அந்த வேனுக்காக வரைந்ததும் அல்ல, ஹைட்ரோலிக்குக்காக வரைந்ததும் அல்ல. 1957இல் லோட்டஸ் செவன் வந்த காலத்திலிருந்தே இங்கிலாந்தில் அவ்வகைக் கார்களை வீட்டில் பூட்டுவது ஒரு வழக்கமாக இருந்துவருகிறது. அங்கே வீட்டில் கட்டியவர்கள் போர்ட் எஸ்கோர்ட், போர்ட் சியரா கார்களிலிருந்து எஞ்சினையும் கியர்பொக்ஸையும் எடுத்தார்கள். சியராவின் கிளச் கேபிளால் இயங்கியது. நமக்குக் கிடைப்பவை ஜப்பான் வேன்களின் கியர்பொக்ஸ்கள். பக்கவாட்டில் கீழ் பம்போடு வருபவை. ஆகவே அந்த வரைபடங்களில் செஸியைப் பின்பற்றலாம், சஸ்பென்ஷனைப் பின்பற்றலாம். பெடலை மட்டும் நாமே கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும்.

இதைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. முதலாவது, தள்ளு கம்பியின் துளையைச் சுழல் ஊசியிலிருந்து 60 மில்லிமீற்றருக்குத் தள்ளுவது. விகிதம் 5க்கு 1 ஆகும். கம்பி 24 நகரும், 22 வேலைக்கு வரும். கீழே 13 மில்லிமீற்றர் கிடைக்கும். காசு செலவில்லாத வழி, ஆனால் இன்னும் 1 மில்லிமீற்றர் குறைகிறது. இரண்டாவது, கீழ் பம்பைச் சிறியதாக்குவது. 11/16 அங்குலத்தில் ஒன்று கிடைத்தால் ஏறத்தாழ 15 மில்லிமீற்றர் வரும். ஆனால் உங்கள் கியர்பொக்ஸில் பூட்டக்கூடிய காதுகளோடு அந்த அளவில் தேடிப் பிடிப்பது சிரமம். மூன்றாவது, மேல் பம்பை 3/4 அங்குலத்துக்கு மாற்றுவது. அதன் பரப்பு 285. 18ஆல் பெருக்கி 334ஆல் பிரித்தால் 15 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். இதைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். பம்பின் உடம்பிலேயே பெரும்பாலும் அளவு வார்த்திருக்கும்; மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எண் தெரியாவிட்டால் வேர்னியரால் உள்விட்டத்தை அளந்த பிறகே காசைக் கொடுங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளிலிருந்து பஸ்ஸில் பொதியாக வரவழைப்பதென்றால் தொலைபேசியில் வாகனத்தின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள், அளவையும் சொல்லுங்கள். ஒரே பெயர் கொண்ட வேனில் வெவ்வேறு அளவுப் பம்புகள் வந்திருக்கக்கூடும்.

தூரம் கூடினால் பாரமும் கூடும். இதற்கு விதிவிலக்கே கிடையாது. கவட்டையைத் தள்ள கீழ் பம்புக்கு 70 கிலோ விசை தேவை என்று வைத்துக்கொள்வோம். கீழ் பம்பின் பரப்பு 3.34 சதுர சென்ரிமீற்றர் என்பதால், குழாய்க்குள் சதுர சென்ரிமீற்றருக்கு 21 கிலோ அழுத்தம் எழும். 5/8 அங்குல மேல் பம்பில் அது 41 கிலோவாகத் திரும்பும். 6ஆல் பிரித்தால் காலுக்கு 7 கிலோ. 3/4 அங்குலத்தில் 60 கிலோ; காலுக்கு 10 கிலோ. கல்முனைச் சந்தையடி நெரிசலில் ஒரு மணி நேரம் மிதித்தாலும் 10 கிலோ எவருக்கும் தாங்கக்கூடிய பாரமே. 7/8 அங்குலப் பம்ப் கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று அதற்குத் தாவிவிடாதீர்கள். காலின் பாரம் 13, 14 கிலோவுக்கு ஏறுவதோடு, கவட்டை தேவைக்கு மேல் 6, 7 மில்லிமீற்றர் தள்ளப்பட்டு பிரெஷர் பிளேட்டின் விரல்கள் வளையும். அப்படி வளைந்த பிரெஷர் பிளேட்டைத் திருத்த முடியாது.

அந்த 60 கிலோ என்ற எண்ணில் சற்று நின்று யோசியுங்கள். மேல் பம்ப் பூட்டப்பட்டிருக்கும் தகட்டை ஒவ்வொரு மிதிக்கும் 60 கிலோ முன்னோக்கித் தள்ளுகிறது. அவசரத்தில் 30 கிலோ விசையோடு மிதித்தால் அதே தகட்டில் 180 கிலோ. தொழிற்சாலைக் காரில் அந்தச் சுவர் அழுத்தி மடித்த இரும்பு. பல இடங்களில் வெல்ட் செய்யப்பட்டது. நம்முடைய காரிலோ நாம் வெட்டி வைத்த ஒரு தகடு. கல்லடியில் நான் கட்டிய முதல் காரில் இந்த இடத்தில்தான் இரண்டு மாதங்களைத் தொலைத்தேன். கணக்கெல்லாம் சரியாக இருந்தது, எயாரும் இல்லை, ஆனால் கியர் விழவில்லை. ஒருநாள் மாலையில் என் மைத்துனரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, வெளிச்சத்துக்காக போனட்டுக்குள் தலையைக் குனிந்திருந்தேன். தற்செயலாக என் சுட்டுவிரல் மேல் பம்பின் முனைக்கும் அதற்கு முன்னாலிருந்த குறுக்குக் குழாய்க்கும் இடையில் இருந்தது. மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் பம்ப் முழுவதும் முன்னே வந்து விரலை மெல்ல அழுத்திவிட்டுப் பின்வாங்கியது. வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. இரும்புக் கோலை வைத்துப் பார்த்தபோது 3 மில்லிமீற்றர் அசைவு. 18இல் 3 மில்லிமீற்றரை அந்த 2 மில்லிமீற்றர் தகடே விழுங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டு 5 மில்லிமீற்றர் தகடு போட்டு, அதன் மேலும் கீழும் முக்கோணத் துண்டுகளை வெல்ட் செய்து செஸிக் குழாய்களோடு இணைத்தேன். அன்று பின்னேரமே கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

ஆகவே பம்பை மாற்றும் முன் உங்கள் தகட்டையும் இப்படிச் சோதியுங்கள். விரலை வைக்க வேண்டாம், இரும்புக் கோல் போதும். பெடலின் சுழல் ஊசி தேய்ந்த புஷ்ஷில் ஆடுகிறதா, பெடல் கை பக்கவாட்டில் முறுகுகிறதா, தள்ளு கம்பியின் கவட்டு ஊசி நீள்வட்டமாகத் தேய்ந்த துளையில் இருக்கிறதா என்பவற்றையும் பாருங்கள். ஊசியை லேத்தில் கடைந்து எடுங்கள். அந்த இடத்தில் சாதாரண போல்ட்டின் புரி துளையில் உரசக்கூடாது.

கீழ் பம்பின் தாங்கிக்கு வேறொரு விதி உண்டு. நீங்கள் அனுப்பிய படத்தில், சைலன்சர் குழாய்க்கு இடம் விடுவதற்காகக் கீழ் பம்பை அதன் பழைய இடத்திலிருந்து கழற்றி, புதிய தாங்கி ஒன்றைச் செஸிக் குழாயில் வெல்ட் செய்திருப்பது தெரிகிறது. அதைத் தயவுசெய்து வெட்டி எடுத்துவிடுங்கள். எஞ்சினும் கியர்பொக்ஸும் ரப்பர் தாங்கிகளில் இருக்கின்றன. கிளச்சை விடும்போது அவை சற்றுப் புரளும். பம்ப் செஸியில் இருந்து கவட்டை கியர்பொக்ஸில் இருந்தால், அந்தப் புரளலே கிளச்சை மறுபடியும் பாதி மிதித்ததுபோல் ஆக்கும். உடனே எஞ்சின் எதிர்ப்பக்கம் புரளும், கிளச் பிடிக்கும், திரும்பவும் விடும். கார் புறப்படும்போது கிடுகிடுவென்று அதிரும். கீழ் பம்ப் எப்போதும் கியர்பொக்ஸ் உடம்பிலேயே இருக்க வேண்டும். செஸியிலிருந்து அதற்கு ஒரு குட்டை ஹோஸ் வர வேண்டும். சைலன்சர் குழாயைத்தான் வளைக்க வேண்டும், பம்பை அல்ல. பம்பை எங்கே வைத்தாலும், கம்பி தன் பயணத்தின் நடுவில் இருக்கும்போது கவட்டைக்குச் செங்குத்தாக இருக்கும்படி பாருங்கள். சாய்வாகத் தள்ளினால் பிஸ்டன் ஒரு பக்கமாகத் தேயும்.

அந்தப் படத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நான்கு தடவை எயார் எடுத்தும் பெடல் பஞ்சுபோல் இருப்பதற்கான காரணம் அதுதான். பம்பைத் தலைகீழாகப் பூட்டியதால் எயார் நிப்பிள் அடியில் இருக்கிறது, ஹோஸ் வரும் துளை மேலே இருக்கிறது. எயார் மேலே ஏறும், ஒயில் கீழே இறங்கும். நிப்பிள் அடியில் இருந்தால் எத்தனை தடவை மிதித்தாலும் வெளியே வருவது ஒயில் மட்டுமே; பம்பின் மேல் மூலையில் ஒரு குமிழி நிம்மதியாகக் குடியிருக்கும். பெடல் முதல் மிதியில் ஆழமாகப் போய், அடுத்தடுத்து வேகமாக மிதிக்கும்போது சற்று உயர்ந்து வந்தால், உள்ளே எயார் இருக்கிறது என்று கொள்ளலாம். பெடல் இறுக்கமாக இருந்தும் கியர் விழாவிட்டால் குறைபாடு கொள்ளளவில் இருக்கிறது. ஒரே அழுத்தத்தில் பிடித்துக்கொண்டிருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வெளியே ஒழுக்கும் இல்லாவிட்டால், அப்போதுதான் மேல் பம்பின் வொஷர் மீது சந்தேகப்பட வேண்டும். கராஜில் பம்பை மாற்றச் சொன்னவர்கள் இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

குழாய் வேலைக்கு வருவோம். கிளச்சுக்கு 3/16 அங்குல, அதாவது 4.75 மில்லிமீற்றர் குழாய் போதும். குளிரூட்டி வேலைக்குப் பாவிக்கும் மெல்லிய செப்புக் குழாயைச் சில இடங்களில் மலிவுக்காகப் பூட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதிர்வில் அது இறுகி, வளைவில் மயிரிழை வெடிப்பு விடும். செம்பும் நிக்கலும் கலந்த பிரேக் குழாயே நம்முடைய கரையோரத்துக்குப் பொருத்தமானது. சாதாரண இரும்புக் குழாயும் பலமானதுதான், ஆனால் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் வாழும் நமக்கு உப்புக் காற்று அதைப் பிடிப்புகளின் அடியிலிருந்து தின்னத் தொடங்கும்.

நட்டுகளின் புரியில் மிகவும் கவனமாக இருங்கள். ஜப்பான் பம்புகளில் பெரும்பாலும் 10 மில்லிமீற்றர் விட்டமும் 1 மில்லிமீற்றர் புரியும் இருக்கும்; குழாயின் நுனி உள்ளே மடித்த இரட்டை விரிவாக இருக்க வேண்டும். ஐரோப்பியப் பம்புகளிலும் அதே புரி இருக்கலாம், ஆனால் குழாய் நுனி குமிழ் வடிவில் இருக்க வேண்டும். நட் ஏறுகிறது என்பதற்காக நுனி பொருந்துகிறது என்று நினைக்கக்கூடாது. பழைய ஆங்கிலேயக் கார்களுக்குரிய 3/8 அங்குல நட் இன்னும் ஆபத்தானது. ஜப்பான் பம்பில் சில சுற்று தளர்வாக ஏறும், இறுக்கும்போது புரியை வழித்துக்கொண்டு வரும். ஒழுகும் இணைப்பில் வெள்ளை டேப்பைச் சுற்றுவதும் தவறு. இங்கே அடைப்பது புரி அல்ல, குழாய் நுனியின் விரிவு. டேப் துண்டு உள்ளே போய்ச் சிறு துளையை அடைத்தால் கிளச் திரும்பி வராது.

குழாய் போகும் வழியில் நடுவில் ஒரு கூனல் ஏறி இறங்கக்கூடாது. அந்தக் கூனலில் எயார் தங்கும். மேல் பம்பிலிருந்து தொடர்ந்து இறங்கியோ கிடையாகவோ போகட்டும். சைலன்சர் குழாயிலிருந்து ஒரு சாண் தூரமாவது தள்ளியிருக்க வேண்டும். அது முடியாவிட்டால் இடையில் ஒரு தகரத் தடுப்புப் போடுங்கள். ஹோஸ் எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நீளமான பழைய ரப்பர் ஹோஸ் ஒவ்வொரு மிதிக்கும் உப்பி, நாம் கணக்குப் போட்டுச் சேமித்த மில்லிமீற்றரைத் தின்றுவிடும்.

பிரேக் ஒயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் அல்ல. ஈரத்தை இழுக்கும் திரவம். டொட் 3 அல்லது டொட் 4 எதையும் ஊற்றலாம். டொட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் பிடித்தால் அந்த வரம்பு 155 வரை இறங்கும். டொட் 5 சிலிக்கோன் வகை. அதை இவற்றோடு கலக்கக்கூடாது. எஞ்சின் ஒயில், பவர் ஸ்டியரிங் ஒயில் ஒரு துளி பட்டாலும் பம்பின் ரப்பர் வொஷர்கள் உப்பிக் கெட்டுவிடும். புனலைக்கூடத் தனியாக வைத்திருங்கள். மார்கழி மழைக் காலத்தில் திறந்து வைத்த ரின் ஒன்றிலிருந்து எடுத்து ஊற்றிய காரை ஒரு வருடத்துக்குப் பிறகு நான் பிரித்தபோது, கீழ் பம்பின் ரப்பர் தொப்பியை இழுத்தவுடன் தேயிலைச் சாயம் போன்ற ஒரு திரவம் கையில் வழிந்தது. உள்ளே, பிஸ்டன் ஓய்ந்து நிற்கும் இடத்தில், துளையின் அடிப்பக்கத்தில் பிறை வடிவில் துரு தின்ற ஒரு குழி. நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. அந்தப் பம்பைத் தேய்த்துப் பார்ப்பதில் பயனில்லை. புதிய சிறு ரின் வாங்குங்கள், அன்றே பாவியுங்கள், மிஞ்சியதை அடுத்த வருடத்துக்கென்று வைக்காதீர்கள். பெயின்ற் மீது சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஒயில் தாங்கியை பிரேக்கோடு பங்கு போடாதீர்கள். புதிய கார்கள் சிலவற்றில் ஒரே தாங்கி இருப்பது உண்மை, ஆனால் அதற்குள் தடுப்புச் சுவர் உண்டு. வீட்டில் கட்டும் காரில் கிளச் ஹோஸ் வெடித்தாலும் பிரேக் தப்ப வேண்டும். அதேபோல், டிரம் பிரேக்குக்குச் செய்த மேல் பம்பைக் கிளச்சுக்குப் போடும்போது, குழாயில் சிறு அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு அதன் வாயில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கழற்ற வேண்டும். அது இருந்தால் ரிலீஸ் பெயாரிங் எந்நேரமும் விரல்களை அழுத்திக்கொண்டே இருக்கும்.

இனி எயார் எடுப்பது. கீழ் பம்பைக் கியர்பொக்ஸில் அதன் பழைய இடத்துக்குத் திருப்பி, நிப்பிள் மேலே வரும்படி பூட்டுங்கள். அதுவரை பொறுக்க முடியாவிட்டால், பம்பைக் கழற்றி, ஹோஸோடு தொங்கவிட்டு, நிப்பிளை வானம் பார்க்கப் பிடித்து, பிஸ்டன் வெளியே பாயாதபடி ஒரு மரக்கட்டையால் உள்ளே அழுத்திக்கொண்டு எயார் எடுக்கலாம். மிதிப்பவர் மெதுவாக மிதித்து அடியில் பிடிக்க வேண்டும். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறந்து மூட வேண்டும். மூடிவிட்டேன் என்று சொன்ன பிறகே அவர் பெடலை விட வேண்டும். குழாயின் நுனி எப்போதும் போத்தலில் உள்ள ஒயிலுக்குள் அமிழ்ந்திருக்கட்டும். அவசரமாகப் பம்ப் செய்து மிதிப்பவரை அந்த வேலையிலிருந்து எழுப்பிவிடுங்கள். வேகமாக மிதித்தால் எயார் பொடிக் குமிழிகளாக உடைந்து ஒயிலோடு கலந்துவிடும், பிறகு அது தெளிய அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். தனியாக வேலை செய்பவருக்கு எளிய வழி, பெரிய ஊசிக் குழல் ஒன்றில் ஒயிலை நிரப்பி, கீழ் நிப்பிளிலிருந்து மேல் நோக்கி மெல்லச் செலுத்துவது. எயார் தான் போக விரும்பும் பக்கமே போகும். மேல் தாங்கியில் குமிழிகள் ஒவ்வொன்றாக வந்து உடைவதைக் காணலாம். தாங்கி நிரம்பி வழியாமல் ஒருவர் உறிஞ்சி எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

எயார் எடுத்த பிறகு இரண்டு நிறுத்தங்களைச் செய்ய வேண்டும். பெடல் திரும்பி வந்து நிற்கும் மேல் நிறுத்தம், தள்ளு கம்பியில் அந்த 1 மில்லிமீற்றர் இடைவெளி நிச்சயமாக மிஞ்சும்படி அமைய வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் பிஸ்டனின் வொஷர் சிறு துளையை மூடியே வைத்திருக்கும். எஞ்சின் சூட்டில் விரியும் ஒயில் தாங்கிக்குத் திரும்ப வழியில்லாமல் கிளச்சைத் தானே மிதித்துக்கொள்ளும். காலையில் நன்றாக ஓடிய கார் மதியத்தில் ஏற்றத்தில் வழுக்குகிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இந்த இடைவெளியைத்தான். கீழ் நிறுத்தம், நீங்கள் அளந்த 14 மில்லிமீற்றரைக் கவட்டை அடைந்ததும் பெடல் தட்டி நிற்கும்படி ஒரு போல்ட்டும் பூட்டு நட்டும் கொண்டு செய்யப்பட வேண்டும். பம்பின் அடிமுட்டைப் பெடலின் நிறுத்தமாகப் பாவிக்கவே கூடாது. ரிலீஸ் பெயாரிங் விரல்களை எப்போதும் தொட்டுக்கொண்டு சுழலும் வகையா, விலகி நிற்க வேண்டிய பழைய கிராபைட் வகையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வேனில் இருப்பது உருளைக் குண்டுகளோடு கூடிய பெயாரிங் என்பதால், கீழ் பம்புக்குள் இருக்கும் மெல்லிய ஸ்பிரிங் அதை இலேசாகத் தொட வைத்திருப்பதில் கெடுதல் இல்லை. வெளியே இழுக்கும் ஸ்பிரிங் எதையும் புதிதாகச் சேர்க்க வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்து, கீழ் பம்பின் கம்பி 14 மில்லிமீற்றர் நகர்வதை இரும்புக் கோலில் கண்ணால் கண்ட பிறகும் ரிவேர்ஸ் அரைபட்டால், அப்போது குறைபாடு ஹைட்ரோலிக்கில் இல்லை. கிளச் பிளேட் திருப்பிப் பூட்டப்பட்டிருக்கலாம். பிளைவீலின் நடுவிலுள்ள சிறு பெயாரிங் இறுகி, கியர்பொக்ஸ் தண்டைத் தன்னோடு இழுத்துச் சுழற்றலாம். மாதக்கணக்கில் ஓடாமல் நின்றதால் பிளேட் பிளைவீலில் துருவோடு ஒட்டியிருக்கலாம். அவற்றுக்குக் கியர்பொக்ஸை இறக்க வேண்டியிருக்கும் என்பதால்தான், இறக்காமல் செய்யக்கூடிய எல்லாவற்றையும் முதலில் செய்யச் சொல்கிறேன்.

நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கீழ் பம்பின் கம்பியில் வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு கோடு போட்டு, ஒருவரை மிதிக்கச் சொல்லி, அது எத்தனை மில்லிமீற்றர் நகர்கிறது என்று அளந்து எழுதுங்கள். கூடவே போல்ட் சுற்றின் எண்ணிக்கையையும், மிதிக்கும்போது மேல் பம்பின் தகடு அசைந்த அளவையும் எழுதுங்கள். அந்த மூன்று எண்களும் கிடைத்தால், 3/4 அங்குலப் பம்புக்குத் தள்ளு கம்பியின் துளையை 50இல் வைக்கலாமா, 48இல் வைக்கலாமா, பெடலின் கீழ் நிறுத்தம் எங்கே வர வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டு அனுப்புகிறேன். அதுவரை பம்புக்குக் காசு கொடுக்காதீர்கள்.